சைக்கிளைப் பார்த்து துரைகள் மிரண்ட காலம்: சிம்பாங் பூலாய் சடக்குக்குத் தெரிந்த கதைகள் உங்களுக்குத் தெரியுமா?

ஈப்போவிலிருந்து தெற்கே, கோப்பெங் போகிற பழைய சடக்கில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் சிம்பாங் பூலாய். சுண்ணாம்புத் தூசி, கல் ஏற்றிய லாரி, சிவப்பு விளக்கில் பொறுமையிழந்து உறுமும் மோட்டார்கள். பார்த்தவுடன் ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று தோன்றுகிற சந்திப்புதான். கொஞ்சம் நில்லுங்கள்! கிழக்கே திரும்புகிற அந்தச் சாலைக்குக் கூட்டரசு சாலை 185 என்று பெயர். இங்கே கிளம்பி, தித்திவங்சா மலையின் முதுகில் ஏறி, கேமரன் மலையின் கம்போங் ராஜாவைத் தொட்டு, கிளந்தானின் குவா மூசாங்கைக் கடந்து, திரங்கானுவின் கோலபெராங்வரை ஓடுகிறது அது! வடக்கு தெற்காகப் போவது கூட்டரசு சாலை 1. அதன் ஒரு முனை ஜொகூர் பாரு, மறுமுனை தாய்லாந்து எல்லையோரத்து புக்கிட் காயு ஹீத்தாம். டோல் நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு, கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலை வழியே போனவர்களில் பெரும்பாலோர் இந்தச் சந்திப்பைக் கடந்துதான் போனார்கள்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு வாருங்கள். நடந்தவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஆகியோரைப் பற்றி இந்த வட்டாரம் வைத்திருக்கிற சங்கதிகள் ஒவ்வொன்றும் மூச்சுமுட்ட வைப்பவை.

முதல் சங்கதி. பேராக்கில் இத்தனை தமிழர்கள் இருப்பதற்கு ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டியும் ஒரு காரணம், தெரியுமா? 1888. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு மாட்டு வைத்தியர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் தூக்கித் தூக்கிப் போடுகிறதே என்று, ரப்பர் குழாயில் காற்றடைத்து சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். உலகம் அதன்மேல் பாய்ந்தது! (காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதைப் போட்டு ஓட்ட அப்போது ஆளுக்கொரு சைக்கிள் இல்லையே!) 1890-களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சைக்கிள் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ரப்பர் தோட்டத்தை உண்டாக்கியது கார் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காருக்கு முன்னால் ரப்பரைக் கேட்டு அலறியது சைக்கிள்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். டன்லப் டயர் சுற்றுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே ரப்பர் மரம் பேராக்குக்கு வந்து காத்திருந்தது! பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் இருபத்திரண்டு 1877-ல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நட்டுவைத்தவர் அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ. அந்த முதல் தலைமுறை மரங்களில் ஒன்று கோலகங்சார் நகரத்தில் இன்றும் நிற்கிறது. ஈப்போவிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். இருபது ஆண்டுகளாக யாரும் அந்த மரத்தைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. டயர் வந்தது. அப்புறம் அமெரிக்காவில் ஃபோர்டு கார் வந்தது. 1910 வாக்கில் ரப்பர் விலை வானத்துக்குப் போனது. காடு விழுந்தது, தோட்டம் எழுந்தது, கங்காணிகள் திருச்சியிலும் சேலத்திலும் தஞ்சாவூரிலும் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார், உலகம் வழுக்கிக்கொண்டு போகத் தேவையான டயருக்குப் பால் எடுக்க வந்தார்கள்.

அந்தப் பாலை எடுத்தவர்கள் எப்படிப் போய் வந்தார்கள்? நடந்து! விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் இருட்டில் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகத் தீம்பாருக்குள் இறங்கினார்கள். ஆளுக்கு முந்நூறு நானூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து, வெட்டி, மங்கைச் சரிசெய்து, அடுத்ததற்கு. வெட்டி முடித்தபின் மறுபடி முதல் மரத்திலிருந்து ஆரம்பித்து, மங்கில் வடிந்ததை வாளியில் ஊற்றி, வாளிகளைத் தோளில் சுமந்து பால் ஸ்டோருக்கு. ஒரே காட்டை ஒரே காலையில் இரண்டு தடவை சுற்றியிருக்கிறார்கள், இரண்டாவது சுற்றில் சுமையோடு! உலகத்துச் சக்கரங்களுக்கெல்லாம் செருப்பு தைத்துக் கொடுத்தவர்களின் காலில் செருப்பில்லை.

சைக்கிள் ஒருவழியாகத் தோட்டத்துக்குள்ளும் வந்தது. காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கியவன் லயத்தில் பெரிய மனுஷன். பின் கேரியரில் பால் தோம்பு, முன் பாரில் பிள்ளை. சனிக்கிழமை கோப்பெங்குக்குப் படம் பார்க்கப் போவதற்கும், பக்கத்துத் தோட்டத்துக்குப் பெண் பார்க்கப் போவதற்கும் அதே வண்டி. இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையம் வருகிறது. இது தெரியுமா உங்களுக்கு? மலாயாவின் தோட்டங்களில், சைக்கிளில் போகிற தொழிலாளி எதிரே துரை வந்தால் இறங்கிவிட வேண்டும்! துரை என்ன, கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், அதைத் தள்ளிக்கொண்டு தலை குனிந்து நிற்க வேண்டும். அவர்கள் கடந்து போனபின்தான் ஏறி மிதிக்கலாம்.

1941-ல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன். அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற சம்பளம் எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்கள் மானத்தோடு வேலை செய்ய வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும் (ஆமாம், தொழிலாளர்களே கேட்டார்கள்!). சொந்தக்காரர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. இவற்றோடு, இதே வரிசையில், இதே கனத்தோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் நாங்கள் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம்!

சம்பளத்துக்குப் பக்கத்தில் சைக்கிளா என்று இன்று படிக்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அந்தப் பட்டியலில் மிகத் துணிச்சலான வரியாகத் தெரிவது அதுதான். கூலி உயர்வைப் பேரம் பேசிக் கொடுத்துவிடலாம். ஒரு தமிழன் தன் எதிரே சீட்டில் உட்கார்ந்தபடியே கடந்து போவதை அந்தக் காலத்துத் துரையால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? பொறுத்துக்கொள்ளவில்லை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஏழே மாதம்! 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தாபாருவில் கரையேறியது. அந்தப் படை எதில் வந்தது, தெரியுமா? சைக்கிளில்! ஒவ்வொரு டிவிஷனுக்கும் சுமார் ஆறாயிரம் சைக்கிள். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலம் பாலமாக வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டே போனது. லாரிப் பட்டாளமாக இருந்தால் ஆற்றங்கரையில் நாள்கணக்கில் நின்றிருக்கும். ஜப்பானியச் சிப்பாயோ சைக்கிளைத் தோளில் தூக்கி, ஆற்றில் இறங்கி, அக்கரையில் ஏறி மிதித்தான். வண்டி பழுதானால்? ஜப்பானில் செய்த மலிவு சைக்கிள்கள் போருக்கு முன்பே மலாயா முழுக்க விற்றிருந்தன. எந்தக் கம்பத்துக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் ஊர்க்காரர்களின் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டார்கள். வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். ராத்திரி நேரத்தில் நூற்றுக்கணக்கான இரும்பு வளையங்கள் தார்ச்சாலையில் கடகடக்கிற சத்தம்! டாங்கிகள் வருகின்றன என்று எதிரணிச் சிப்பாய்கள் நினைத்தார்களாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஈப்போ விழுந்தது. அடுத்த சண்டை கோப்பெங்கிலும் டிப்பாங்கிலும். அதற்கடுத்தது டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நடந்த கம்பார் சண்டை. 11-ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த சீக்கியர்களும் கூர்க்காக்களும் பிரிட்டிஷ்காரர்களும் அங்கே ஜப்பானியரைச் சில நாள் தடுத்து நிறுத்தினார்கள். ஈப்போவிலிருந்து கோப்பெங் வழியாகக் கம்பார் போகும் பெரிய சாலை எது? நாம் நின்றுகொண்டிருக்கிற இதே கூட்டரசு சாலை 1! கரையேறிய நாளிலிருந்து ஜொகூர் பாருவரை 55 நாள், ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். சைக்கிளைவிட்டு இறங்கி நில் என்று மே மாதம் தொழிலாளிக்குச் சட்டம் பேசிய துரைமார்கள், ஜனவரி முடிவதற்குள் சைக்கிள் சத்தம் கேட்டு சிங்கப்பூருக்கு ஓடியிருந்தார்கள்.

இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வந்தவர்கள் நம்மைத் தோள்மேல் தூக்கிக்கொள்ள வரவில்லை. 1942, 43-ல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை லாரியிலும் சரக்கு ரயிலிலும் ஏற்றிக்கொண்டுபோய், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்தார்கள். காலராவும் பசியும் அடியும் அவர்களில் ஏராளமானவர்களைத் தின்றன. ஈப்போவிலிருந்து துரோனோவுக்கு ஒரு கிளை ரயில் ஓடியது தெரியுமா? இன்று அந்த வழியில் போனால் தண்டவாளத்தின் அடையாளமே தெரியாது. ஜப்பானியர் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட பாதை அது.

ரயில் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். மலாயாவின் முதல் ரயில் பாதை எங்கே போடப்பட்டது? கோலாலம்பூரா, சிங்கப்பூரா? இரண்டுமில்லை, நம்ம பேராக்! 1885 ஜூன் 1, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு. நீளம் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த ‘சிலோன் பயனியர்’ படைப்பிரிவினர். பின்னாளில் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, சிக்னல் என்று ரயில்வேயை நிரப்பியதில் யாழ்ப்பாணத் தமிழர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஈப்போவுக்கு ரயில் வந்தது 1890-களில். இன்று நாம் பார்க்கிற வெள்ளை மாளிகை போன்ற நிலையம் 1917-ல் முடிந்தது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக், கோலாலம்பூர் நிலையத்தை வரைந்த அதே ஆள். அதன் முன் தாழ்வாரம் மட்டும் 183 மீட்டர்! நிலையத்து வாசலில் நிற்கிற ஈப்போ மரத்தை யாராவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்புக்கு விஷம் எடுத்த மரம் அது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரமும் அதுவே. டாக்சி பிடிக்கிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலே போகிறார்கள்.

ஆனால் அந்த ரயில் சிம்பாங் பூலாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை! ஈயம் விளைந்த கிந்தா சமவெளியின் மேற்குப் பக்கமாக, பத்துகாஜா வழியாகக் கம்பாருக்குப் போய்விட்டது. கோப்பெங் ஒரு காலத்தில் பெரிய ஈய நகரம், அதற்கே நிலையம் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்து மக்களுக்கு ஆதியிலிருந்து பஸ்தான் கதி. இன்று சிம்பாங் பூலாய்க்காரருக்கு ரயில் வேண்டுமென்றால் ஒன்று ஈப்போ, இல்லாவிட்டால் பத்துகாஜா. ஈப்போவிலிருந்து ஈடிஎஸ் மின்ரயில் 2010 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. உலகத்து ரயில்களில் பாதிக்குமேல் 1,435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன, நம்முடையது ஒரே ஒரு மீட்டர்! அந்த ஒல்லித் தண்டவாளத்தில் மணிக்கு 140 கிலோமீட்டரில் பறக்கிறது. கோலாலம்பூர் இரண்டரை மணி நேரத்துக்குள். சாலையில் தாப்பா நெரிசலில் ஒருமுறை மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த இரண்டரை மணியின் அருமை தெரியும்.

மேலே போக ஒரு வண்டி உண்டே, மின்தூக்கி, அதைப் பற்றியும் இந்த வட்டாரத்தில் ஒரு கதை இருக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து அதிக தூரமில்லை, கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகும் சாலையில் கெல்லிஸ் மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ரப்பர் துரை 1915 வாக்கில் கட்டத் தொடங்கியது. செங்கல்லும் கொத்தனும் சென்னை மாகாணத்திலிருந்து! அந்த மாளிகையில் மின்தூக்கிக்கென்றே ஒரு கூண்டுச்சுவர் எழுப்பப்பட்டது. பொருத்தியிருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கி அதுவாகத்தான் இருந்திருக்கும் என்பார்கள். பொருத்தவில்லை. 1926-ல் லிஸ்பன் நகரத்தில் ஸ்மித் நிமோனியாவில் இறந்தார். அந்த மின்தூக்கியை வாங்கத்தான் லிஸ்பன் போனார் என்றும் ஒரு கதை உலவுகிறது. தொழிலாளர்களை விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனபோது அவர்கள் கேட்டுக்கொண்டதற்காக அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்பார் பாருங்கள், அவர்தான்! மாளிகை பாழடைந்து சுற்றுலா இடமாகிவிட்டது, கோயிலில் பூசை நடக்கிறது.

ஈப்போவின் பழைய நகரம் நடப்பதற்கு ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது, யோசித்ததுண்டா? 1892-ல் ஒரு பெருந்தீ! ஊரில் பெரும்பகுதி சாம்பல். மறுபடி கட்டியபோது தெருக்களை நேர்கோட்டில், கட்டம் கட்டமாகப் போட்டார்கள். கடைவரிசைக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடை. அந்த நடையைக் கட்டாயமாக்கும் விதியை 1822-ல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கொண்டுவந்தார், அது அப்படியே மலாயா ஊர்களுக்குப் பரவியது. பகல் பன்னிரண்டு மணி வெயிலோ நான்கு மணி மழையோ, தலை நனையாமல் ஒரு தெரு முழுக்க நடந்துவிடலாம். நூற்றாண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்! இன்றைக்குக் கட்டுகிற கடைவரிசைகளில் அந்த நடையைச் சிலர் மேசை நாற்காலி போட்டு அடைத்துவிடுகிறார்கள், நடக்கிறவர் காருக்கும் சாக்கடைக்கும் நடுவே தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. பழைய நகரத்துச் சுவர்களில் 2014-ல் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த ஓவியங்களில் ஒன்று பெச்சா, அதாவது மூன்று சக்கர ரிக்‌ஷா. அதை மிதித்தவர்கள் போய்விட்டார்கள், ஓவியத்தின் முன் படம் எடுக்க வரிசை நிற்கிறது.

புந்தோங் பக்கம் ஒரு நடை போய்வருவோம். ஈப்போ இந்தியர்களின் கோட்டை. காச்சாங் பூத்தே என்றால் மலேசியா முழுக்க நாக்கில் எச்சில் ஊறும். கடலை, முறுக்கு, ஓமப்பொடி, பட்டாணி, எல்லாம் கலந்து காகிதச் சுருளில். அந்தத் தொழிலுக்கே பேர்போன குடியிருப்பு புந்தோங்கில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் முதலில் தலையில் தட்டு வைத்து நடந்து விற்றார்கள், பிறகு சைக்கிள், அப்புறம் மோட்டார், இப்போது வேன். ஒரு தொழில் வளர்ந்த கதையை அதன் சக்கரங்களை எண்ணியே சொல்லிவிடலாம்!

இதே புந்தோங்கிலிருந்து தைப்பூசத்தன்று கிளம்புகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுங்கை பாரி மாரியம்மன் கோயிலில் தொடங்கி, குனோங் சீரோவின் சுண்ணாம்புக் குன்றடியில் இருக்கிற கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம்வரை பால்குடமும் காவடியுமாக நடை. போலீஸ் சாலையை மூடிவிடும். மற்ற நாளில் நடப்பவனுக்கு வழிவிடாத அதே சாலையில், பாட்டிமார்கள் நட்டநடுவில் நடப்பார்கள், கார்கள் சந்தில் ஒளிந்து நிற்கும்! தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரத்தில் 1974-லிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளைக் காருக்கு மூடி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் கொடுக்கிறார்கள் என்று உலகமே வியக்கிறது. ஈப்போ மாநகர் மன்றமும் அவ்வப்போது கார் இல்லா நாள் நடத்துகிறது. முருகன் இதையெல்லாம் எப்போதோ ஆரம்பித்துவிட்டான்.

இப்போது கொஞ்சம் கசப்பான சங்கதி. தோட்டம் இருந்த காலத்தில் லயத்திலிருந்து கோயில் நடை தூரம், தமிழ்ப்பள்ளி நடை தூரம், மளிகைக்கடை நடை தூரம், ஆயாக்கொட்டகை கூப்பிடு தூரம். சம்பளம் அரைவயிறு, வீடு ஒழுகல், அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் எல்லாம் காலுக்கு எட்டியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபோது மக்கள் நகர ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். மாடி வீடு வந்தது, பைப்பில் தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடம் எட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போனது! பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று வானத்தைப் பார்க்க வேண்டும். விளைவு, வீட்டுக்கு வீடு மோட்டார், பதினாறு வயதானால் லைசென்ஸ். மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சாகிறார்களே, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். இத்தனைக்கும் மோட்டாருக்கென்றே தனிப் பாதை போட்டதில் உலகுக்கே முன்னோடி மலேசியா, தெரியுமா? 1970-களிலேயே, கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே! சிம்பாங் பூலாய் டோலில் மோட்டார் காசு கட்ட வேண்டியதில்லை, சும்மாவே போகலாம். ஆனால் அந்த நெடுஞ்சாலையில் தனிப் பாதை கிடையாது, லாரியோடு லாரியாகத்தான் போக வேண்டும். சைக்கிளுக்கு உள்ளே அனுமதியே இல்லை.

சைக்கிள்காரர் அப்படியானால் எங்கே போவார்? மலைக்கு! வார இறுதி விடியற்காலையில் வந்து பாருங்கள். ஹெல்மெட், இறுக்கமான ஜெர்சி, பின்னால் சிவப்பு விளக்கு மின்ன, கூட்டம் கூட்டமாகச் சாலை 185-இல் ஏறுகிறார்கள். இங்கிருந்து கம்போங் ராஜாவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். முன்பெல்லாம் கேமரன் போக தாப்பா வழி ஒன்றுதான். இந்தச் சாலை வந்தபின் முட்டைக்கோஸ் லாரிகள் இந்த வழியாகவும் இறங்குகின்றன. ஏறுகிற சைக்கிளும் இறங்குகிற லாரியும் ஒரே வளைவில் சந்திக்கிற இடங்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவர்களோ சிரித்துக்கொண்டே மிதிக்கிறார்கள்.

சைக்கிள் மிதிப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால்தான் கொஞ்சம் ஏமாற்றம். நம் முன்னோர் பலர் கிளம்பிவந்த திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கல் குவாரித் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள்! தண்ணீர் குடம், பிள்ளை, விறகு எல்லாம் கேரியரில். முதலில் கேலி செய்த ஆண்கள் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டார்கள். 2021-லிருந்து தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. இங்கே ஒரு திட்டம் போடுகிறவர்கள் ஐரோப்பாவுக்கு ஆய்வுப் பயணம் போகுமுன் புதுக்கோட்டைக்கு ஒரு டிக்கெட் போட்டுக்கொள்ளலாம், செலவும் குறைவு.

கடைசியாக ஒரு வேடிக்கை. சிம்பாங் பூலாயில் இருக்கிறவர் எக்ஸ்பிரஸ் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போக வேண்டும் என்று வையுங்கள். கோலாலம்பூர் தெற்கே. பஸ் நிலையமான அமான்ஜெயா இருப்பதோ ஈப்போவுக்கு வடக்கே, மேரு ராயாவில்! ஆகவே அவர் வடக்கே போகிற ஊர் பஸ்ஸைப் பிடித்து, மேடான் கிட் ஊர் பஸ் நிலையத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி, நகரம் முழுவதையும் கடந்து மேரு ராயா போய், எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறி உட்காருவார். அது தெற்கே திரும்பி நெடுஞ்சாலையில் எந்த இடத்தைக் கடந்து போகும்? சிம்பாங் பூலாய் டோல் சந்திப்பை! அவர் காலையில் கிளம்பிய ஊரை ஜன்னல் வழியே பார்த்துக் கையாட்டலாம். இந்த ஊர்க்காரர்கள் பத்துகாஜாவுக்குப் போய் ரயில் ஏறுவதில் நியாயம் இருக்கிறது.

ஊர் பஸ்ஸில் ஒரு தடவையாவது வந்து பாருங்கள். மேடான் கிட் நிலையத்தில் கோப்பெங், கம்பார் பக்கம் போகிற பேராக் டிரான்சிட் பஸ்ஸைக் கேளுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். ஏறியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். குனோங் ராப்பாட் தாண்டும்போது குகைக்குள் கட்டிய சாம் போ தோங் கோயில் தெரியும், அதிலிருந்து சுண்ணாம்புக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடவே வரும். வலப்பக்கம் உட்கார்ந்தால் கடையும் பெட்ரோல் பங்கும்தான்.